"சீட்" என்ற சொல் முதலில் யாருடையது?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுசா வாசியுங்கள். பாதி வாசித்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள்.

போன தவணைப் பரீட்சையில் ஒரு பையன் கணிதத் தாளுக்குக் கீழே துண்டுக் கடதாசி வைத்திருந்தான். பிடிபட்டான். (யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக விபரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) அவன் செய்தது பிழை. அந்தப் பாடத்துக்கு அவனுக்குப் புள்ளி இல்லை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "அப்ப கொப்பியடிக்கிறது சரி எண்டு சொல்றீங்களா சேர்?" என்றுதான் முதல் கருத்து வரும்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அந்தப் பையன் அடுத்த வருஷம் டவுன் பாடசாலைக்கு மாறப் போகிறான். விடுகைப் பத்திரம் எழுத வேண்டும். ஆசிரியர் அறையில் ஒரு சகோதர ஆசிரியர் சொன்னார்: "நடத்தை எண்ட இடத்தில உள்ளதை உள்ளபடி எழுதுவம். தோட்டத்துப் பிள்ளையள் எண்டாலே சீட்டர்ஸ்தான். அப்பன் கொழுந்துச் சாக்கில தண்ணி தெளிக்கிறான். ஆயி லோன் எடுத்திட்டு ஒளியிறா. அஸ்வெசும ஃபோர்ம்ல பொய். பிள்ளை மட்டும் எப்பிடி வரும்?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "சேர், நீங்கதானே இங்கிலிஷ். சீட் எண்டு எழுதுறதா, சீட்டர் எண்டு எழுதுறதா? எது சரி?"

இரண்டும் சரி. இலக்கணப்படி. அவருக்கு அந்த நேரத்தில் அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கள்ளனிடமிருந்து வரவில்லை. ஏழையிடமிருந்தும் வரவில்லை. அரசாங்க உத்தியோகத்தரிடமிருந்து வந்தது.

பழைய இங்கிலாந்தில் நிலமெல்லாம் கடைசியில் அரசனுக்குச் சொந்தம். ஒருவர் வாரிசு இல்லாமல் செத்தால், அல்லது பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றால், அவர் ஆண்ட நிலம் மேலே இருந்த பிரபுவுக்கோ அரசனுக்கோ திரும்பி விழும். இப்படி விழுவதற்கு "எஸ்சீட்" என்று பெயர். "விழுதல்" என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அரசனுக்கு விழ வேண்டிய நிலத்தைத் தேடிப் பிடித்து எழுதி எடுப்பதற்கென்று மாவட்டம் மாவட்டமாக ஓர் உத்தியோகத்தர் இருந்தார். அவர்தான் "எஸ்சீட்டர்".

சட்டப் புத்தகத்தில் நல்ல உத்தியோகம். நடந்தது வேறு. வாரிசு இருந்தும் இல்லை என்று எழுதினார்கள். விதவையின் பங்கைச் சுருட்டினார்கள். அரசன் பெயரில் பறித்ததில் தங்கள் பைக்கும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்கள். சனங்களுக்கு அந்தப் பதவியின் பெயரே வசவாகிப் போனது. முன்னால் இருந்த எழுத்துகள் தேய்ந்து "சீட்" ஆனது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் "ஏமாற்று" என்ற வினைச்சொல்லாக அது ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. ஷேக்ஸ்பியர் "தி மெரி வைவ்ஸ் ஒஃப் வின்ட்சர்" நாடகத்தில் ஃபால்ஸ்டாஃபின் வாயில் இந்த இரட்டை அர்த்தத்தை வைத்து விளையாடுவார். அன்றைய சனங்களுக்கு அந்தப் பகிடி விளங்கியது. ஏமாற்றுக்காரன் என்றால் அந்த உத்தியோகத்தர் அவர்களுக்கு ஞாபகம் வந்தார்.

இன்றைக்கு யாருக்கும் அவர் ஞாபகம் வருவதில்லை. சொல் மட்டும் மிஞ்சி, ஆள் தப்பிவிட்டார்.

இப்போது இன்னொரு சொல்லை எடுப்போம். இதற்கு அகராதி தேவையில்லை, சினிமா பார்த்தாலே போதும். "வில்லன்". நம்பியார் காலத்திலிருந்து எல்லாருக்கும் தெரியும்.

"வில்லா" என்றால் லத்தீனில் நாட்டுப்புறத்துப் பண்ணை வீடும் அதைச் சேர்ந்த நிலமும். அந்தப் பண்ணையோடு சேர்ந்து கிடக்கும் வேலையாள் "வில்லானுஸ்". இங்கிலாந்தில் 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பிலே இந்த ஆட்களை ஊர் ஊராக எண்ணி எழுதியிருக்கிறார்கள். இவர்கள் பிரபுவின் நிலத்தில் வேலை செய்ய வேண்டும். அனுமதி இல்லாமல் அந்த நிலத்தை விட்டுப் போக முடியாது. கொள்ளை நோய் வந்து ஆட்கள் குறைந்து, மிச்சம் இருந்தவர்கள் கூலியைக் கூட்டிக் கேட்டபோது, 1351இல் சட்டம் போட்டுக் கூலியைப் பழைய அளவிலேயே கட்டி வைத்தார்கள். 1381இல் அவர்கள் கிளர்ந்து எழுந்து லண்டனுக்குப் போனபோது, இந்த அடிமைக் கட்டை அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்டார்கள்.

இந்தச் சொல்லைத் தமிழாக்கச் சொன்னால் நான் என்ன எழுதுவேன்? "தோட்டத்தாள்" என்றுதான் எழுதுவேன்.

அவர்களுக்கு என்ன நடந்தது? பிரபு வீட்டில் "வில்லன் மாதிரி நடக்காதே" என்றால் நாட்டான் மாதிரி, பட்டிக்காட்டான் மாதிரி நடக்காதே என்று பொருள். அது மெதுமெதுவாகக் கீழ்ப்புத்தி உள்ளவன் ஆகி, கெட்டவன் ஆகி, கடைசியில் கதையில் வரும் கொடியவன் ஆகிவிட்டது.

இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலத்தைப் பறித்த உத்தியோகத்தர் தன் பெயரை விட்டுவிட்டு நழுவிவிட்டார். அந்தப் பெயரை இன்று யாருக்கும் ஒட்டலாம். நிலத்தில் வேலை செய்தவரோ கெட்டவனின் பெயராகவே ஆகிவிட்டார். பேனா யார் கையில் இருந்ததோ அவர்தான் தப்பினார்.

"அது இங்கிலாந்து சேர், எங்களுக்கு என்ன?" என்பீர்கள். சரி, எங்கட மலைக்கே வருவோம்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டம். காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்றால் நீதான் நிரூபிக்க வேண்டும். கண்டிச் சிங்களக் கிராமத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிய நிலம், மாடு மேய்த்த நிலம், விறகு பொறுக்கிய காடு. அவர்களிடம் உறுதி எங்கே இருந்தது? எஸ்சீட்டர் செய்த அதே வேலை, இந்தத் தடவை ஒரு நாட்டளவில். அப்படி "விழுந்த" நிலத்தை 1844 வரை ஏக்கர் 5 ஷில்லிங்கிலிருந்து விற்றார்கள். வாங்கியது யார்? குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனண்ட் 1859இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்: ஆளுநர், சபையினர், இராணுவத்தார், நீதிபதிகள், மதகுருமார், சிவில் உத்தியோகத்தரில் பாதிப் பேர் எல்லாரும் மலைக்குப் போய் முடிக்குரிய காணி வாங்கினார்கள் என்று. சட்டம் போட்டவர்கள், நிலத்தை அளந்தவர்கள், தீர்ப்புச் சொன்னவர்கள், வாங்கியவர்கள் எல்லாம் ஒரே கூட்டம்.

அவர்களில் யாருடைய பெயராவது வசவானதா? இல்லை. பல பேரின் பெயர் வீதிக்கும் தோட்டத்துக்கும் வைக்கப்பட்டது.

பிறகு அந்த நிலத்தில் வேலை செய்ய ஆட்களைக் கொண்டுவந்தார்கள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியை மறியலுக்கு அனுப்பலாம். அதற்கு மேல் "துண்டு" முறை. பெரிய கங்காணியின் கணக்கில் ஆளுக்குக் கடன். வந்த செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடன். அந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவேன் என்று துரை எழுதிக் கொடுப்பது துண்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் எடுக்க மாட்டார்கள். கணக்குக் கொப்பி கங்காணியிடம். எழுதத் தெரிந்தவரும் அவர்தான். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழிக்கும் வரை மனுஷன் தன் கடனோடு சேர்த்துக் கைமாறினான்.

இந்தக் கணக்கில் ஏமாற்றியது யார், ஏமாந்தது யார்? கடன் கட்டாமல் இரவோடிரவாக ஓடியவன் குற்றவாளி. கடனை எழுதியவர் கௌரவமான ஆள்.

கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள்ளே முதலில் புகுந்தது புடவை வியாபாரி வேஷத்தில் என்று சொல்வார்கள். வெளியாள் உள்ளே வரக்கூடாது என்ற காலம். துரைமாரின் கண்ணில் அது ஏமாற்று வேலை. எங்கள் ஆசிரியர் அறை அன்றைக்கு இருந்திருந்தால் அவருடைய விடுகைப் பத்திரத்திலும் "சீட்" என்று எழுதியிருக்கும்.

இன்னொரு பெயர் இருக்கிறது. "கள்ளத்தோணி." இந்த மக்களைப் பார்த்து எத்தனை பேர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார்கள்! தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாம் வைத்து, ஆளை எண்ணி, அம்மை குத்தி, பதிந்து, கப்பலிலே ஏற்றிக் கொண்டுவந்தது அரசாங்கமும் தோட்டக்காரரும். அப்படி வந்தவருக்குப் பெயர் கள்ளத்தோணி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கினார்கள். அடுத்த வருஷம் வாக்கும் போனது. 1964இல் இரண்டு பிரதமர்கள் இருந்து, 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிஞ்சியிருந்தவர்களின் பிரச்சினைக்கு 2003இல்தான் சட்டம் வந்தது. 55 வருஷம். இதற்கு எந்த மொழியில் என்ன சொல் வைத்திருக்கிறோம்?

நான் முஸ்லிம். இந்தப் பெயர் வைக்கும் வேலையின் வலி எனக்குப் புதிது இல்லை. "தொப்பி பிரட்டி" என்று எங்களைச் சொல்வதைச் சின்ன வயதில் பஸ்ஸிலும் கேட்டிருக்கிறேன், படித்தவர்கள் கூடிய இடத்திலும் கேட்டிருக்கிறேன். 2019க்குப் பிறகு கேட்ட பெயர்களை எழுதவே வேண்டாம். ஒருத்தர் செய்ததை ஊருக்கே ஒட்டும்போது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்த நாங்களே டவுனில் கடைக் கதவடியில் நின்று "தோட்டத்தாக்களுக்குக் கடன் குடுக்காதீங்க, சீட் பண்ணிருவாங்க" என்று சொல்கிறோமா இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். சம்பளத் தேதிக்கு வரும் சனத்தை நம்பித்தான் அந்தக் கடைகள் எழும்பின.

குர்ஆனில் ஏமாற்றுக்காரரைப் பற்றி ஒரு அத்தியாயமே இருக்கிறது. 83ஆவது, அல்-முதஃப்பிஃபீன். அளவையில் குறைப்பவர்கள் என்று பொருள். தாங்கள் வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைத்தான் அது கண்டிக்கிறது. எனக்கு இதில் படுவது இதுதான்: அளக்கும் கை யாருடையது என்பதை முதலில் பார். தராசு யார் கையில் இருக்கிறதோ, பயப்பட வேண்டியவர் அவர்.

என் வாப்பா சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். தராசு முள்ளை எப்போதும் சாமான் வாங்க வருபவரின் பக்கம் திருப்பி வைப்பார். "நான் பார்த்தா போதாது மகன், அவங்க பார்க்கணும்" என்பார்.

இப்போது கொழுந்து மடுவத்துக்கு வாருங்கள்.

ஒரு பெண் விடிய எழும்பி, மழையில், அட்டைக்கடியில், சரிவில் நின்று எடுத்த கொழுந்தைத் தராசில் போடுகிறார். எத்தனையோ தோட்டங்களில் இருந்து பிள்ளைகளின் தாய்மார் எனக்குச் சொன்னது இது: சாக்குக்கு ஒரு கழிவு, தண்ணீருக்கு ஒரு கழிவு, முற்றலுக்கு ஒரு கழிவு. மழை பெய்யாத நாளிலும் தண்ணீர்க் கழிவு. தராசு காட்டுவது ஒன்று, கொப்பியில் விழுவது ஒன்று. குறித்த கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர். கேட்டால் "நாளைக்கு வேலை இல்லை." சம்பளம் 1,000 ரூபா ஆனது 2021இல், 1,350 ஆனது 2024இல். ஒவ்வொரு தடவையும் எத்தனை போராட்டம், எத்தனை வழக்கு! எல்லாத் தோட்டத்திலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக நிறுக்கும் கணக்கப்பிள்ளைமாரும் இருக்கிறார்கள், அவர்களை அந்தத் தாய்மாரே பெயர் சொல்லி வாழ்த்துகிறார்கள். ஆனால் நடக்கும் இடத்தில் நடப்பதற்குப் பெயர் என்ன? "நடைமுறை." "கழிவு." "நோர்ம்." யாரும் அதைச் "சீட்" என்று சொல்வதில்லை.

அந்தப் பெண் சாக்கில் தண்ணீர் தெளித்தால் மட்டும் அது சீட்.

தெளிப்பது சரியா? சரியில்லை. அதையும் சொல்கிறேன். ஆனால் ஒரு கிலோவுக்குப் பொய் சொல்பவருக்கு ஒரு பெயரும், நாளுக்கு நூறு பேரிடம் இரண்டிரண்டு கிலோ வெட்டுபவருக்கு ஒரு பதவியும் என்றால், அந்தச் சொல்லை வைத்து நான் எப்படி நீதி படிப்பிப்பேன்?

சரி, அந்தப் பையனின் கதைக்கு வருவோம். தாயைப் பாடசாலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் வந்த நாள் அவருக்குப் பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. கதவடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் "உட்காருங்கம்மா" என்றேன். உட்காரவில்லை. பையனைப் பார்த்துக் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. எங்களிடம் சொன்னார்:

"சேர், இவன் செஞ்சது தப்புதான். தண்டனை குடுங்க, மார்க்க வெட்டுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா அந்தக் கடுதாசியில மட்டும் எழுதிராதீங்க சேர். கடுதாசியில எழுதுனா எங்க போனாலும் கூடவே வரும்."

அவருக்குத் துண்டின் சரித்திரம் தெரியுமோ தெரியாது. ஆனால் ஒரு கடதாசி ஒரு மனுஷனுக்குப் பின்னால் எப்படி வரும் என்பது தெரிந்திருக்கிறது. எங்களைவிட நன்றாக.

அந்தச் சகோதர ஆசிரியரும் கெட்டவர் இல்லை. கஷ்டப்பட்டுப் படிப்பிக்கும் மனுஷன். அவர் எழுத நினைத்தது ஒரு சொல். 13 வயதுப் பிள்ளைக்கு அது டவுன் பாடசாலையின் வாசலில் விழும் பூட்டு. அங்கே எடுத்தவுடன் சொல்வார்கள், "ஆ, தோட்டத்துப் பிள்ளை, நாங்க நினைச்சதுதான்" என்று. ஒரு துண்டுக் கடதாசி வைத்த பிழைக்கு 200 வருஷத்துத் துண்டு தண்டனையா?

நான் அதிபரிடம் போய்ப் பேசினேன். பத்திரத்தில் "நடத்தை: திருப்திகரம்" என்று எழுதப்பட்டது. பொய் எழுதிவிட்டோம் என்று அந்தச் சகோதரர் இன்னும் என்னோடு கோபம். இல்லை, பொய் எழுதவில்லை. அந்தப் பையன் ஐந்து வருஷத்தில் ஒருநாள் கொப்பியடித்தான். மிச்ச நாட்களில் மூன்று கிலோமீற்றர் நடந்து வந்து படித்தான். இரண்டில் எது அவனுடைய நடத்தை?

கடைசியாக இரண்டு விஷயம் கேட்கிறேன்.

ஆசிரியர்மாருக்கு: பிள்ளை செய்த பிழையைப் பிழை என்று சொல்லுங்கள். "நீ இன்றைக்கு ஏமாற்றினாய்" என்று சொல்லுங்கள். "நீ ஏமாற்றுக்காரன்" என்று சொல்லாதீர்கள். "உங்க ஆக்களே இப்படித்தான்" என்று வாயே திறக்காதீர்கள். வினைச்சொல்லைப் பெயர்ச்சொல் ஆக்குவது ஒரு நொடி வேலை. திரும்பக் கழற்றுவதற்கு ஒரு ஆயுள் போதாது.

தோட்ட நிர்வாகங்களுக்கும், மேடைக்கு மேடை ஏறும் எங்கள் தொழிற்சங்கத் தலைவர்மாருக்கும்: 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்று பேசும் காணியைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அதற்கு முன் செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. மடுவத்தில் தராசைத் திருப்பி வையுங்கள். இலக்கம் தெரியும் பக்கம் கொழுந்து கொண்டுவரும் பெண்ணைப் பார்த்து இருக்கட்டும். கழித்த கிலோ எவ்வளவு, எதற்காக என்று அவர் கையில் ஒரு சிட்டை கொடுங்கள்.

அதைச் செய்த பிறகு எந்தத் தோட்டத்தில் யார் சீட் என்று பேசுவோம். நான் வருகிறேன். அகராதியையும் கொண்டு வருகிறேன்.